திராட்சைக்கொடியாள் கண்டனப் பெருவிழா

முல்லைப் பெரியாற்று நீர் வாய்க்கால்தோறும் பிரிந்து பாய்கின்ற கம்பம் பள்ளத்தாக்கில் நெல் இருபோகம் விளையும். திராட்சை ஆண்டு முழுதும் பழுக்கும். கண்டனமோ மழையையும் எதிர்பாராது, மடை திறப்பதையும் எதிர்பாராது, நாள்தோறும் விளையும். இம்மூன்றாம் வெள்ளாமையைப் பேணி வளர்ப்பதற்கென்றே அல்லிநகரத்தில் ஒரு பெயிண்ட் கடையின் மாடியில் 'பள்ளத்தாக்குப் பெண்மைக் காப்புப் பேரவை' வீற்றிருந்தது. வீற்றிருந்தது என்பதே முறையான சொல். அது எழுந்து நடந்ததை எவரும் கண்டதில்லை. அதன் அரியணையும் கொலுமண்டபமும் நால்வகைப் படையும் கைபேசிக்குள்ளேயே அடங்கியிருந்தன.

அத்தகைய பேரவையின் கடைக்கண் பார்வை ஓடைப்பட்டி நாகஜோதியின்மேல் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில். அப்போது அவள் மகளிர் காவல் நிலையத்தின் முதற்படியில் வலக்காலை எடுத்து வைத்திருந்தாள்.

நாகஜோதி திராட்சைக் கொட்டகையில் பழம் தரம் பிரிக்கிறவள். வெடித்த பழத்தையும் வெம்பிய பழத்தையும் கத்தரி நுனியால் கொத்திலிருந்து நீக்கி, மிச்சத்தைப் பெட்டியில் அடுக்கிக் கேரளத்து லாரிக்கு அனுப்புவது அவள் வேலை. சென்ற சனிக்கிழமை பெட்டி அடுக்கக் குளிர் அறைக்குள் போனவளின் பின்னாலேயே மேனேஜர் சுருளியாண்டியும் போனார். கதவைச் சாத்தினார். அவள்மேல் கை வைத்தார். நாகஜோதி கையிலிருந்த பழப்பெட்டியால் அவர் முகத்தில் ஓங்கி அறைந்துவிட்டு வெளியே வந்தாள். அடுத்த வேலைநாளில் "ஒனக்கு இங்கன வேலை இல்ல" என்று வாசலிலேயே மறிக்கப்பட்டாள். நடந்தது இவ்வளவே. அவள் வேண்டியதும் சிறிதே. அவன்மேல் வழக்குப் பதிய வேண்டும். அவன் இல்லாத கொட்டகையில் தான் மீண்டும் உட்கார்ந்து கத்தரி பிடிக்க வேண்டும்.

இந்தச் செய்தியைக் கொட்டகைத் தோழி இருளம்மாள் மனம் பொறாமல் ஒரே ஒருத்திக்குக் குரற்பதிவாக அனுப்பியிருந்தாள். அக்குரல் கூடலூர் சென்று, போடி சுற்றி, அல்லிநகரம் சேர்ந்தபோது, நாகஜோதி ஏறிய பேருந்து சின்னமனூரைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. ஆகவேதான், அவள் படியில் கால் வைத்ததும் கைபேசி ஒலித்தது.

"தங்கச்சி, உள்ள போயிராதீக! நின்ன எடத்துலயே நில்லுங்க!"

பேசியவர் பேரவையின் தலைவர், பெயிண்ட் வணிகர் ஜாஸ்பர்.

"ஏன் அண்ணாச்சி? கேஸ் குடுக்க வந்திருக்கேன்."

"அதத்தான் வேணாங்குறேன். எப்.ஐ.ஆர். போட்டாகன்னா விசயம் கோர்ட்டுக்குப் போயிரும். கோர்ட்டுல இருக்குற விசயத்தப் பத்தி நாங்க பேச முடியாது. பேசாம எப்படித் தங்கச்சி நீதி வாங்குறது? ரெண்டே நாள் பொறுங்க. பொறகு நீங்க ஸ்டேசனுக்குப் போக வேணாம். ஸ்டேசன் ஒங்க வாசலுக்கு வரும்."

சுருளியாண்டி கொட்டகை முதலாளிக்கு அக்காள் மகன். தன் ஒற்றைச் சொல் எடுபடுமா என்று வழியெல்லாம் கலங்கிக்கொண்டு வந்தவளுக்கு, ஊரே பின்னால் நிற்கும் என்று ஒருவர் சொன்னது தேனாய் இனித்தது. பேரவை கூச்சலிட்டுத்தான் தன் தெருவுக்கு விளக்கு வந்தது என்பதும் நினைவுக்கு வந்தது. தெருவிளக்குக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த நேரத்தில் அவள் எண்ணிப் பார்க்கவில்லை. படியில் வைத்த காலைக் கீழே இறக்கிவிட்டாள்.

அன்று பிற்பகலே இருளம்மாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பெயிண்ட் கடை மாடி ஏறினாள். டர்பன்டைன் வாசத்தின் நடுவே பேரவையின் பெரியோர் அமர்ந்திருந்தனர். கண்டனச் செயலாளர் இருந்தார். ஹேஷ்டேக் துணைக்குழுத் தலைவர் இருந்தார். மெழுகுவத்திப் பொறுப்பாளர் தனி நாற்காலியில் இருந்தார். நடந்தது என்ன என்று கேட்பதற்குரிய பொறுப்பாளர் எவரும் இல்லை. அப்பதவி பேரவையில் உருவாக்கப்படவே இல்லை.

"மொத வேலை, ஒங்க பேர மறைக்கிறது" என்றார் ஜாஸ்பர்.

"நான் மறைக்கச் சொல்லலயே அண்ணாச்சி."

"நீங்க சொல்லக் கூடாது. மறைக்கணும்னு எங்களுக்கே தெரியும். பொம்பளைக மானம் பூராவும் இப்ப எங்க அட்மின் கையிலதான இருக்கு!"

மறைத்த பெயருக்கு மாற்றாக ஒரு திருநாமம் வேண்டுமல்லவா? பேரவையின் கைபேசிக் குழுவில், அவளையும் சேர்த்துக்கொண்டு, வாக்கெடுப்பு நடந்தது. 'மேகமலைப் பைங்கிளி', 'பெரியாற்று மகள்' ஆகிய இரண்டையும் பின்தள்ளி, 'திராட்சைக்கொடியாள்' பெருவாரியான வாக்குகளால் வென்றது. வென்றவளுக்கு வாழ்த்துப் படங்களும் வந்து குவிந்தன. எதற்காக வாழ்த்துகிறார்கள் என்று நாகஜோதிக்கு விளங்கவில்லை. வாழ்த்தியவர்களிலும் பலருக்கு விளங்கவில்லை.

முதல் அறிவிப்பு அந்தி சாய்வதற்குள் வெளிவந்தது. 'பெயர் சொல்ல இயலாத இந்தப் பாவப்பட்ட பெண்மணி ஓடைப்பட்டியில் தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீட்டில் வசிப்பவர். கணவர் குமுளியில் ஜீப் ஓட்டுபவர். வாசலில் நீல நிற டிரம் வைத்திருப்பவர்' என்று அதில் அடையாளம் மிகக் கவனமாக மறைக்கப்பட்டிருந்தது. குற்றம் புரிந்தவரைப் பற்றி 'அந்த மிருகம்' என்ற ஒரே சொல்தான். எந்தக் கொட்டகை என்றுகூட இல்லை.

"அந்தாள் பேரு எங்க?" என்று கேட்டாள் இருளம்மாள்.

"போட்டா அவதூறு கேஸ் போட்டுருவான் ஆத்தா. ஆம்பளைக்கு மானம் மருவாதின்னு ஒன்னு இருக்குல்ல?"

"அப்ப இவளுக்கு?"

"அதான் கொடியாள்னு பேரு வச்சிருக்கோமே!" என்றார் ஜாஸ்பர், மனம் நொந்து.

வீடு வந்து சேர்ந்ததும் குமுளியிலிருந்து கணவன் சின்னக்கருப்பு அழைத்தான். அவன் விடுப்பில் வந்ததும் நேரில் சொல்லலாம் என்று அவள் வைத்திருந்தாள்.

"ஏ நாகு, நம்ம ஊர்ல என்னமோ திராட்சைக்கொடியாளாம்ல, ஜீப் ஸ்டாண்டு பூராம் அதே பேச்சு. மலையாளத்தானுகளும் கேக்குறானுக. பாவம், யாருன்னு விசாரிச்சியா? தண்ணித் தொட்டிக்கு எதித்த வீடாம்..."

அவன் பேச்சு அங்கே நின்றது. தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே உள்ளது ஒரே வீடு. பிறகு அவள் சொன்னாள்; அவன் கேட்டான். குறுக்கே ஒரு சொல் பேசவில்லை.

"நான் இப்பவே வண்டியெடுக்கவா?"

"வேணாம். நீ வந்தா அவன அடிப்ப. பொறகு ஒம்மேலதான் கேஸ் வரும். ரெண்டு நாள்ல எல்லாம் முடிஞ்சிரும்னு சொல்லியிருக்காக."

இரண்டு நாள் சென்றது. முடிந்தது எதுவும் இல்லை. நேரலை விவாதம் தொடங்கியது. 'குளிர் அறைகள் தேவைதானா?' என்பது தலைப்பு. பண்டைத் தமிழகத்தில் குளிர் அறையே கிடையாது, ஆதலால் இத்தகைய குற்றமும் கிடையாது என்று ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் நிறுவினார். பறித்த பழத்தை அன்றன்றே விற்றுவிட்டால் பெண்கள் அறைக்குள் போக நேராது என்று மற்றொருவர் வழிகாட்டினார். குளிர் அறைக்குப் போகிறவள் ஸ்வெட்டர் அணிந்திருக்க வேண்டாமா, அணிந்திருந்தாளா என்று மூன்றாமவர் கேட்டதும் விவாதம் சூடுபிடித்து, ஸ்வெட்டர் அணி, சேலை அணி என்று சபை இரண்டாய்ப் பிளந்தது. அந்தக் குளிர் அறைக்கு மானியம் வழங்கியது எந்த ஆட்சி என்று கட்சிக்காரர்கள் தனியே மோதிக்கொண்டார்கள். மேனேஜரின் பெயர் தெரியாத நிலையிலும், அவர் முகத்தில் பெட்டி பட்டதும் வன்முறையே என்றும் சரிபாதிக் கண்டனம் அதற்கும் வேண்டும் என்றும் ஆண்குல நலம் பேணுவோர் வாதாடினர். ஒருவர் மட்டும் எவரோடும் சேராமல், நல்ல விதையில்லாப் பழம் தோட்டத்து விலைக்கே கிடைக்கும் என்று இடையிடையே அறிவித்துக்கொண்டிருந்தார்.

நாகஜோதி இவற்றையெல்லாம் கேட்டாள். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதை அவ்வப்போது தனக்குத்தானே நினைவூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசியில் பொறுக்கமாட்டாமல், 'நான் எப்போது கேஸ் கொடுக்கலாம்?' என்று எழுதினாள். அதற்குக் கும்பிடும் கைகள் வந்தன, பூச்செண்டு வந்தது, 'அருமையான கேள்வி' என்று பாராட்டு வந்தது. நெறியாளரிடமிருந்து, 'சகோதரி, தயவுசெய்து தலைப்பை விட்டு விலகாதீர்கள்' என்று அறிவுரையும் வந்தது.

மறுநாள் பேரவையின் பட வடிவமைப்பாளர் விஜி ஒரு படத்தை அனுப்பி ஒப்புதல் கேட்டாள். பால்நிறத்து நங்கை ஒருத்தி, தாவணி காற்றில் அலைய, பச்சைத் திராட்சைப் பந்தலின்கீழ்க் கண்ணீர் உகுத்துக்கொண்டிருந்தாள். கணினி வரைந்த கையில் விரல் ஆறு.

"இது யாரும்மா?" என்று அழைத்துக் கேட்டாள் நாகஜோதி.

"நீங்கதான்க்கா!"

"எனக்கு இம்புட்டு வெரலு இல்லயே."

"அத யாரும் பாக்க மாட்டாகக்கா. ஒங்க நெறத்துல, ஒங்க வயசுல ஒன்னு போட்டுப் பாத்தேன். யாருமே ஷேர் பண்ணல. பாவம்னு தோணணும்ல?"

அப்படம் தேனியிலும் போடியிலும் கம்பத்திலும் சுவரொட்டியாய் எழுந்தருளியது. மக்கள் பார்த்தார்கள், பாவம் என்றார்கள், எந்தச் சினிமா என்று சிலர் கேட்டார்கள்.

அதன் பின்னரே கண்டனப் போட்டி அறிவிக்கப்பட்டது. நாள்தோறும் வரும் கண்டனங்களுள் தலைசிறந்ததைத் தெரிந்தெடுத்துப் பொன்முலாம் பூசிய சான்றிதழ் வழங்குவது பேரவையின் மரபு. அந்த வாரத்துச் சான்றிதழைத் தட்டிச்சென்ற கண்டனம் இது: 'நான் ஒரு தாயின் மகன். ஒரு தங்கையின் அண்ணன். திராட்சைக்கொடியாளுக்கு நேர்ந்ததை எண்ணி என் குடும்பத்தில் அடுப்பு எரியவில்லை. அந்த மிருகம் எங்கிருந்தாலும் அதை நடுச்சந்தியில் நிறுத்துவேன். இவண், சுருளியாண்டி, மேனேஜர், ஓடைப்பட்டி.'

கூடவே படமும் இருந்தது. இருளம்மாள் திரையை விரலால் விரித்துப் பார்த்தாள்.

"ஏ நாகு, மூக்குல பிளாஸ்திரியோடல்ல போஸ் குடுக்குறான்! கீழ ஒருத்தர் கேட்டுருக்காரு பாரு, 'அண்ணே மூக்குல என்ன காயம்'னு. 'சமூகப் பணியில் ஏற்பட்டது'ன்னு பதில் போட்டுருக்கான் களவாணிப்பய!"

நாகஜோதி சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். சிரிப்பு அடங்கியதும் எழுந்தாள். பேருந்து பிடித்து நேரே பெயிண்ட் கடை மாடிக்குப் போனாள்.

"அண்ணாச்சி, நீங்க பரிசு குடுத்திருக்குறது யாருக்குன்னு தெரியுமா? அந்த மிருகம் இவருதான்."

ஜாஸ்பர் காதுகளைப் பொத்திக்கொண்டார். "தங்கச்சி, பேரு சொல்லாதீக! பேரவை விதி அது!"

"விதிய விடுங்க. மூக்குல பாருங்க."

"நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டும். ஆனா அது பேரவைக்குத் தெரியாது. பேரவைக்குத் தெரியாத விசயத்தப் பேரவைத் தலைவர் தெரிஞ்சு வச்சிருந்தா அது ஒழுங்கீனம். எம்மேல நடவடிக்கை எடுப்பாக. எடுக்குறதும் நாந்தான்." குரலைத் தாழ்த்தினார். "பொறகு, ஞாயித்துக்கெழம பேரணிக்கு மெழுகுவத்தி பூராம் அவரு உபயம். பந்தல் அவரு உபயம். தலைமைக் கண்டனமும் அவருதான். நோட்டீசு அடிச்சாச்சு. அடிச்ச நோட்டீச எப்படித் தங்கச்சி மாத்துறது? நீங்களும் வாங்க. மொத வரிசையில நாற்காலி போடச் சொல்றேன். யாருன்னு மட்டும் சொல்லிக்கிறாதீக."

இனி எவரிடமும் கேட்பதில்லை என்று முடிவு செய்தாள் நாகஜோதி. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், இருளம்மாளோடு அவள் காவல் நிலையத்தின் படிகள் அத்தனையும் ஏறி உள்ளே போனாள். நிலையத்தில் காவலுக்கு ஒரே ஒரு பெண் காவலர் இருந்தார்.

"இன்ஸ்பெக்டர் அம்மா இல்லையா?"

"எல்லாரும் பேரணி பந்தோபஸ்துக்குப் போயிருக்காகம்மா. ஏதோ ஓடைப்பட்டிப் பொண்ணுக்கு நீதி கேட்டு ஊர்வலமாம். செத்த உக்காருங்க, முடிஞ்சதும் வந்துருவாக."

நாகஜோதி அமரவில்லை. "வா மதினி, அங்கனயே போவோம்" என்று இறங்கிவிட்டாள்.

பொழுது சாய்கிற வேளை. பேரணி தேர்த்திருவிழாவின் இலக்கணம் ஒன்றும் குறையாமல் வந்துகொண்டிருந்தது. முன்னே தவில், நாகசுரம். பின்னே முழக்கம் எழுப்புவோர். நடுவே பூமாலை சுற்றிய டெம்போவின்மேல் ஆறு விரலோடும் அருள்பாலித்த வண்ணம் திராட்சைக்கொடியாள். ஒரு கையில் மெழுகுவத்தி, மறுகையில் கைபேசி என்று வந்த அடியார் கூட்டம் கொடியாளைப் பார்க்கவில்லை. கொடியாளோடு நிற்கும் தம்மைப் படமெடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. நாகஜோதி டெம்போவை ஒட்டி முன்னேற முயன்றாள். சட்டையில் பேரவைச் சின்னம் குத்திய தொண்டர் ஒருவர் அவள் தோளைப் பிடித்து ஓரமாய்த் தள்ளினார்.

"ஒதுங்கும்மா! பாதிக்கப்பட்ட பொண்ணுக்கு வழி விடு!"

பேரணி வந்து சேர்ந்த பந்தலின் மேடையில் ஜாஸ்பர் முன்னுரை நிகழ்த்தினார். "சென்ற ஆண்டு நாம் நடத்திய கண்டனங்களைவிட இந்த ஆண்டு கண்டனங்கள் பன்மடங்கு பெருகியிருக்கின்றன. இதே வேகத்தில் குற்றங்கள் ஒத்துழைத்தால், மாநிலத்திலேயே நம் பள்ளத்தாக்கு முதலிடம் பெறும்!" கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அடுத்துச் சுருளியாண்டி எழுந்தார். தும்பைப்பூ வேட்டி, கையில் எரியும் மெழுகுவத்தி, மூக்கில் பிளாஸ்திரி. குரல் தழுதழுத்தது. பெண் என்பவள் தெய்வம் என்றார், மலர் என்றார், நதி என்றார். மனிதப் பிறவி என்பது மட்டும் அவர் நினைவுக்கு வரவில்லை. முன்வரிசைக் கண்களில் நீர் வந்தது.

பிறகு, பொதுமக்களில் கண்டிக்க விரும்புவோர் வரிசையில் வரலாம் என்று அறிவித்தார்கள். வரிசை நீண்டது. நாகஜோதி அதில் நின்றாள். தனக்கு முன்னே நின்றவர்கள் கண்டித்து முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். முறை வந்ததும் ஒலிவாங்கி அவள் கைக்கு வந்தது.

"எம்பேரு நாகஜோதி. ஓடைப்பட்டி. தண்ணித் தொட்டிக்கு எதித்த வீடு, அது ஒங்களுக்கே தெரியும். போன வாரத்துக்கு மொத வாரம் சனிக்கெழம, குளிர் ரூம்ல எம்மேல கை வச்சது இந்தா நிக்கிற சுருளியாண்டி மேனேசரு. அந்த மூக்குக் காயம் நான் பெட்டியால அடிச்சது. நான் கேஸ் குடுக்கணும். ஸ்டேசனுக்குப் போனேன், எல்லாரும் இங்கன இருக்காகன்னாக. இன்ஸ்பெக்டர் அம்மா இருக்கீகளா?"



"இங்கதாம்மா இருக்கேன்" என்றது மேடையின் அடியிலிருந்து ஒரு குரல். இன்ஸ்பெக்டர் ஜெபஷீலா தடுப்புக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு படியேறினார்.

ஜாஸ்பர் பாய்ந்து வந்து ஒலிவாங்கியைப் பறித்தார். "நேரலைய நிறுத்துங்கப்பா! தங்கச்சி, என்ன காரியம் செஞ்சீக! பேரச் சொல்லிட்டீகளே! ரெண்டு பேரு பேரையும் சொல்லிட்டீகளே!"

"அவங்க பேர அவங்க சொல்றதுக்கு எந்தச் சட்டமும் தடை இல்ல சார். தள்ளுங்க" என்றார் ஜெபஷீலா. "இத்தன நாளா ஏம்மா வரல?"

"வந்தேன்மா. வெளிய நிப்பாட்டிட்டாக."

இதற்கிடையில் சுருளியாண்டி மேடையின் பின்படி வழியே இறங்கி, பந்தலை அடுத்திருந்த இருட்டிய தோப்புக்குள் ஓடத் தொடங்கியிருந்தார். பதற்றத்தில் கையிலிருந்த மெழுகுவத்தியை அணைக்க மறந்துவிட்டார். அவர் ஓடிய திசை ஊர் முழுதுக்கும் தெளிவாகத் தெரிந்தது. காவலர் இருவர் அவசரமில்லாமல் நடந்துபோய் அழைத்து வந்தார்கள்.

நாகஜோதி நிலையத்தில் அமர்ந்து நடந்ததைச் சொன்னாள். ஜெபஷீலா கேட்டார், எழுதினார், விளங்காத இடத்தில் மட்டும் திரும்பக் கேட்டார். ஸ்வெட்டரைப் பற்றிக் கேட்கவில்லை. பக்கத்து பெஞ்சில் இருந்த இருளம்மாளின் கைபேசி ஓயாமல் அதிர்ந்தது. அவள் எடுத்துப் பார்த்துவிட்டு வாயில் கைவைத்தாள்.

"ஏ நாகு, பேரவையில ஒன்னையக் கண்டிச்சிருக்காக. 'பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தைப் பொதுமேடையில் அம்பலப்படுத்திய நாகஜோதி என்பவரை வன்மையாகக் கண்டிக்கிறோம். திராட்சைக்கொடியாளின் மானத்தோடு விளையாட இவர் யார்?'னு போட்டிருக்கு. குரூப்ல இருந்து தூக்கிட்டாக. ஆத்தாடி, என்னா வேகம்! அந்தாளக்கூட இம்புட்டு வேகமாக் கண்டிக்கல."

"அந்தாள எப்பக் கண்டிச்சாக?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டாள் நாகஜோதி.

சுருளியாண்டியைக் காவலில் வைத்தார்கள். கொட்டகை முதலாளிக்கு மருமகன் பாசத்தைவிட லைசென்ஸ் பாசம் பெரிதாயிருந்தது. வேறு மேனேஜரை அமர்த்தினார். குளிர் அறைக் கதவின் உட்தாழ்ப்பாளைக் கழற்றச் சொன்னார். நாகஜோதிக்கு ஆள் அனுப்பினார். வழக்கு தன் போக்கில் நடக்கிறது. நெடுநாள் நடக்கும் என்று ஜெபஷீலா மறைக்காமல் சொல்லியிருந்தார். நடக்கட்டும், தான் வருவதாக நாகஜோதியும் சொல்லியிருந்தாள்.

பேரவை வெற்றி விழாவுக்கு நாள் குறித்தது. 'ஓயாத நம் கண்டனங்களால் மிருகம் பிடிபட்டது' என்று சுவரொட்டிகள் எழுந்தன. நாகஜோதி கொத்து ஒன்றைத் தூக்கிப் பிடித்து வெம்பிய பழத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்தபோது ஜாஸ்பர் அழைத்தார். குரலில் பழைய பாசம் குறையவே இல்லை.

"தங்கச்சி, விழாவுல திராட்சைக்கொடியாளுக்குப் பொன்னாடை போத்துறோம். கட்டாயம் வரணும். ஒரே ஒரு சிக்கல். நாகஜோதிங்கிற பேர்ல உள்ளவுகள அரங்கத்துக்குள்ள விடக் கூடாதுன்னு தீர்மானம் போட்டுருக்கோம். அதனால நீங்க கொடியாளா மட்டும் வந்துருங்க. நாகஜோதிய விட்டுட்டு வந்துருங்க."

கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொண்டு, அவள் கொத்தைப் பெட்டியில் பதமாக இறக்கி வைத்தாள்.

"கொடியாளுக்கு என்ன சோலியோ எனக்குத் தெரியாது அண்ணாச்சி. அவளத்தான் நீங்க சுவத்துல ஒட்டி வச்சிருக்கீகளே, அவளுக்கே போத்துங்க. நாகஜோதி வேலைக்கு வந்துட்டா. லாரி நிக்குது, வச்சிரவா?"

விடையை எதிர்பாராமல் வைத்துவிட்டு, அடுத்த பெட்டியை இழுத்தாள்.